தவிட்டுக் காட்சி

மக்கா,

சட்டையில் பாப்கார்ன் மணம் இன்னும் போகவில்லை. துவைக்கப் போட எடுத்தவன், ஒருமுறை முகர்ந்துவிட்டு அப்படியே நாற்காலியில் தொங்கவிட்டேன். நேற்று மத்தியானக் காட்சிக்கு நாகர்கோவிலுக்குப் போய் அந்தப் படத்தை மறுபடி பார்த்தேன். நம்ம படம்தான். இப்போது பழைய படங்களைக் கழுவித் துடைத்து மறுபடி தியேட்டருக்குக் கொண்டுவருகிறார்களே, அதில் இதுவும் சேர்ந்துவிட்டது. கதாநாயகன் பின்னால் பெரிய ஆளாகிவிட்டான் அல்லவா, அதனால் அன்றைக்கு ஊத்திக்கொண்ட படத்துக்கும் இன்றைக்கு மாலை மரியாதை. எந்தப் புண்ணியவானுக்கு இந்த யோசனை வந்ததோ, அவன் நல்லா இருக்கட்டும்!

போஸ்டர் ஒட்டிய அன்றே உன் மகள் ஜெனி எனக்குப் போன் போட்டாள். "மாமா, அப்பா சொல்லுக படம் வந்திருக்கு. அந்தத் தவிட்டு சீனை நான் பாக்கணும். கூட்டிட்டுப் போவியளா?" என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. அந்தப் படத்தில் தவிட்டு சீனே கிடையாதே லேய். அது நீ பண்ணினதல்லவா.

ஞாபகம் இருக்கா உனக்கு? பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது இராஜாக்கமங்கலத்திலிருந்து பஸ் ஏறி, இந்தப் படத்தில் வரும் காமெடி நடிகருக்காகவே போனோம். அவருக்கு அதில் ஒரே ஒரு இடம். மாட்டுத் தொழுவத்தில் நிற்பார், பசித்தவன் ஒருத்தன் வந்து சோறு கேட்பான், இவர் அவனைத் தள்ளப்போய்த் தானே சாணியில் விழுவார். அவ்வளவுதான். திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ பேசவே இல்லை. இறங்கும்போது மட்டும், "அவரு மோசமில்ல லேய். எழுதிக் குடுத்தவன் மோசம்" என்றாய்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கு வாலிபர் சங்கத்தில் நம்மை நாடகம் போடச் சொன்னார்கள். மேடையில் சினிமா வாடையே அடிக்கக் கூடாது என்பது சபையின் சட்டம். நீ என்ன செய்தாய்? பைபிளில் சொத்தை அழித்துவிட்டுப் பன்றி மேய்க்கப் போகும் கெட்ட குமாரன் கதைக்குள் அந்தத் தொழுவத்தையே தூக்கி வைத்துவிட்டாய். கெட்ட குமாரன் நான். பன்றிக்காரன் நீ. நடை, குரல், இடுப்பில் கை வைப்பது எல்லாம் அந்த நடிகர்தான். நான் பசியோடு வந்து, பன்றிக்கு வைத்த தவிட்டைக் காட்டி, "அண்ணாச்சி, இத்திரி தவிடு தாருங்க" என்பேன். நீ என்னைப் பார்ப்பாய். பிறகு பன்றியைப் பார்ப்பாய். பார்த்துக்கொண்டே நிற்பாய். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

"இரி மக்கா. அவன் தின்னட்டு. ஒனக்கு முந்தி வந்தவனாக்கும்."

பந்தல் குலுங்கிவிட்டது. போதகரே துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

பிறகு நீ மஸ்கட்டுக்குப் போனாய். ஜெனி சிறுபிள்ளையாக இருக்கும்போது சோறு தின்னமாட்டேன் என்று அடம்பிடித்தால், அங்கிருந்து போனில் இதைத்தான் நடித்துக் காட்டுவாய். ஆனால் அந்த நடிகர் அந்தப் படத்தில் செய்தது என்று சொல்லித்தான் நடிப்பாய். எதற்குடா இந்தப் பொய் என்று ஒருமுறை கேட்டதற்கு, "நான் சொன்னதுன்னு சொன்னா யாரு சிரிப்பா? அவரு சொன்னதுன்னா சிரிப்பா" என்றாய். நீ செத்துப்போய் ஒரு வருஷம் ஆகிறது. அந்தப் பிள்ளையிடம் மிச்சமிருப்பது போனில் கேட்ட உன் குரலும் அந்த சீனும்தான். அதுவும் பொய் என்று வெள்ளித்திரையில் அவளுக்குக் காட்டப்போகிறேனே என்று ஒரு வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்றாள் என் வீட்டுக்காரி. பழைய படமாச்சே, அந்த இடத்தை வெட்டிவிட்டான் என்று சொல்லலாமா என்று நான் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். கரண்டு போனால் நல்லது என்றுகூட ஜெபம் பண்ணினேன், கர்த்தர் மன்னிக்கட்டும்.

கரண்டு போகவில்லை. தொழுவம் வந்தது. நான் திரையைப் பார்க்கவில்லை, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் பயல்கள் விசிலடித்தார்கள். அவர் விழுந்தார், காட்சி முடிந்தது. ஜெனியின் கை பாப்கார்ன் பொட்டலத்திலேயே நின்றுவிட்டது.

இடைவேளையில், "அதுதானா மாமா?" என்றாள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவள், "இவருக்குச் செய்யத் தெரியல்ல. அப்பா செஞ்சதுல பாதி இல்ல" என்றாள்.

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பஸ், நாடகம், பன்றி எல்லாம். அவள் கண் நிறைந்துவிட்டது. "அப்போ அது முழுசும் அப்பாவா?" என்றாள்.

இரண்டாம் பாதிக்கு நாங்கள் உள்ளே போகவில்லை. வெளியே பஸ்ஸுக்கு நிற்கும்போது அவள்தான் சொன்னாள், போனில் தவிடு கேட்கும் இடம் வந்ததும் சத்தமே இருக்காதாம். லைன் கட்டாகிவிட்டது என்று பயந்து அப்பா, அப்பா என்று கூப்பிடுவாளாம். அதற்குப் பிறகுதான் நீ பேசுவாயாம்.

"லைன் ஒண்ணும் கட்டாகல்ல மோளே. ஒனக்க அப்பன் அந்நேரம் பன்றியைப் பாத்துட்டு நின்னிருப்பான்" என்றேன். ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாள். பிறகு அழுதுகொண்டே சிரித்தாள், பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி.

நம் இரண்டு பேரில் கேட்கிறவன் எப்போதும் நான்தான், பதில் உன்னுடையது. நீ போன பிறகும் இந்த வீட்டில் உன்னிடம் ஏதாவது கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், உன் பக்கம் சத்தமே இல்லை. நேற்று வரைக்கும் அது எனக்குப் பயமாக இருந்தது. இனி நீ பன்றியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாய் என்று நினைத்துக்கொள்வேன். மெதுவாகப் பார், மக்கா. நான் நிற்கிறேன்.