அக்காவின் வண்டிக்குப் புதுத் தகடு

என் ஆசை அக்காவுக்கு,

உன் வண்டி ஓடுகிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு.

நீ போனதிலிருந்து அந்தப் பழைய வெளிநாட்டுக் கார் வேப்ப மரத்தடியிலேயே நின்றது. மாமா அதன் பக்கமே போகவில்லை. ஸ்கூலிலிருந்து ஓய்வு பெற்றவர், காலையில் பேப்பர், மதியம் தூக்கம், மீதி நேரமெல்லாம் சும்மா உட்கார்ந்திருப்பது என்று ஆகிவிட்டார். கல்யாணத்துக்குக் கூப்பிட்டாலும் வர மாட்டார். உன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தே ஊர் சுற்றியவர் அல்லவா, தனியாகப் போவது எப்படி என்றே மறந்துவிட்டாரோ?

போன கோடையில் பாண்டிச்சேரிக்காரர் ஒருவர் வண்டியைக் கேட்டு வந்தார். ஓட்டுவதற்கு இல்லை, பிரித்து பார்ட்ஸாக விற்பதற்கு. மாமா தலையாட்டிவிட்டார் என்று தெரிந்ததும் பீங்கான் கம்பெனியிலிருந்து நேராக உன் வீட்டுக்குப் போனேன்.

"குடுத்துடலாம் வளர்மதி. யாரு ஓட்டப் போறா? பொண்ணு வெளிநாட்டுல இருக்குறா. எனக்கு ஸ்டியரிங்கு புடிக்கவே தெரியாது."

"தெரியலன்னா கத்துக்குங்க மாமா. வண்டிய நான் சரி பண்ணித் தரேன்."

எந்த தைரியத்தில் சொன்னேன்? பீங்கான் பொம்மைக்கு பிளாஸ்டரில் அச்சு எடுத்தே வயதைக் கழித்தவளுக்குக் காரைப் பற்றி என்ன தெரியும்? ஆனால் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு பயம் வரவில்லை.

டிங்கர் வேலை பார்க்கும் பாஷா பாயை அழைத்து வந்தேன். "இன்ஜினுக்கு ஒண்ணுமில்லம்மா. தண்ணி ஊத்தாத இன்ஜினு, காத்துலயே ஆறிக்கும். பாடிதான் போச்சு" என்றார். பின் சீட்டைத் தூக்கினோம். பேட்டரி இருந்த இடத்தில் தகடே இல்லை, ஓட்டை வழியே கீழே மண்ணில் கிடந்த வேப்பங்கொட்டை தெரிந்தது. கதவுகளின் அடியில் விரல் வைத்தால் துரு பொலபொலவென்று உதிர்ந்தது.

வண்டியின் அடித்தரையை அவர் வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தார். சிக்கல் பின்பக்கத்து இடது மட்கார்டில் வந்தது. பாதி காணோம், அதே மாதிரி வேறொன்று எங்கும் கிடைக்கவில்லை. ஃபைபரில் போட்டுவிடலாம் என்றார் பாய். எனக்கு மனசு ஒப்பவில்லை. வலது மட்கார்டு நன்றாகத்தானே இருக்கிறது என்று அதன் மேல் பிளாஸ்டர் ஊற்றி அச்சு எடுத்தேன்.

பாய் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "அம்மா, இது சோத்தாங்கை பக்கம். பீச்சாங்கை பக்கத்துக்கு எப்படி ஒக்காரும்?"

எனக்கே சிரிப்பு வந்தது. பிறகு அந்த அச்சை ரொட்டி மாதிரி துண்டு துண்டாக அறுத்தேன். ஒவ்வொரு துண்டையும் புரட்டி வைத்தால் இடது பக்கத்து வளைவு வந்துவிட்டது. பாய் தகட்டைத் தட்டுவார், நான் துண்டை வைத்துப் பார்ப்பேன், இடைவெளி தெரிந்தால் மறுபடி தட்டுவார். மாமா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஒருநாள் அவரே துண்டை வாங்கி வைத்துப் பார்த்து, "இங்க இன்னும் கொஞ்சம் உள்ள போவணும் பாய்" என்றார். அன்றே தெரிந்துவிட்டது எனக்கு, இவர் ஓட்டுவார் என்று.

ஓட்டினார் அக்கா. டிரைவிங் ஸ்கூலில் அவருக்கு வாத்தியார், முன்பு அவரிடம் படித்த பையனே. "சார், கிளட்ச விட்டுட்டீங்க சார்" என்று அவன் கெஞ்சுவதைத் தெருவே வேடிக்கை பார்த்தது. லைசென்ஸும் வாங்கிவிட்டார்.

போன வாரம் திட்டக்குடி வட்டத்தில் நீ வேலை பார்த்த மங்களூர் பக்கம் ஒரு துக்க வீட்டுக்கு என்னை அழைத்துக்கொண்டு போனார். திரும்பும் வழியில் ஒரு அம்மா சாலையோரம் ஓடி வந்து கையை நீட்டி நிறுத்தினார். தோளில் வயிறு உப்பிய ஆட்டுக்குட்டி.

"வண்டிச் சத்தம் கேட்டுச்சு. டாக்டரம்மா வராங்கன்னு ஓடியாந்தேன்" என்றவர், உள்ளே உன்னைத் தேடினார்.

மாமா இறங்கினார். "டாக்டரம்மா தவறிட்டாங்கம்மா. நான் அவங்க வூட்டுக்காரரு. ஏறுங்க, திட்டக்குடி மாட்டாஸ்பத்திரிக்குப் போவலாம்" என்றார்.

தன் வாயாலேயே சொன்னார். உன் பெயரைச் சொன்னாலே எழுந்து உள்ளே போய்விடுகிறவர் அவர். அந்த அம்மா அழுதுகொண்டே ஏறினார். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டதும் குட்டி எழுந்து நின்றது. மாமா அதை அவர்கள் வீட்டிலேயே கொண்டுபோய் விட்டுவிட்டு, அவர்கள் கொடுத்த டீயையும் குடித்துவிட்டுத்தான் கிளம்பினார்.

இப்போது மங்களூர் பக்கம் அவர் நம்பர் பரவிவிட்டது. ஆட்டுக்குட்டிக்கு உடம்பு முடியவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக இவரைத்தான் கூப்பிடுகிறார்கள். இன்று காலை போன் வந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டே, "போயிட்டு வரேன் வளர்மதி" என்று கிளம்பிவிட்டார்.

கதவு இரண்டும் இன்னும் பாக்கி. மழைக்கு முன்னால் அடித்தகடு மாற்றிவிடுவேன். எது இற்றுப்போனாலும் அச்சு எடுத்து, தட்டி, பொருத்திக்கொண்டே இருப்பேன். நிற்க விட மாட்டேன் அக்கா, வண்டியையும் சரி, மாமாவையும் சரி.

உன் கூடப் பிறந்தவள்,
வளர்மதி
விருத்தாசலம்