நாலாவது பாட்டை வெட்ட மாட்டேன்

அன்புள்ள அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அனோஜாவின் வணக்கம்.

அம்மா, முழங்கால் வீக்கம் வற்றிவிட்டதா? நான் சுகம். போனில் சொன்னால் கத்திவிடுவேன் என்றுதான், ஊருக்கு வரும் கமலேஸ்வரி அக்காவிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

தோஹாவில் வேலை செய்யும் வன்னிப் பிள்ளைகள் வாட்ஸப்பில் ஒரு பாட்டுக் குழு வைத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமைதோறும் ஒருவர் தனக்குப் பிடித்த ஆல்பத்தைப் போடுவார். என் முறைக்கு, ஸ்கந்தபுரத்துக் காமன் கூத்தில் தம்பி மதுசன் போனில் பதிந்த, அப்பா தப்பு மேளம் அடித்த ஆறு பாட்டையும் போட்டேன்.

குழுவை நடத்தும் பிரசாந்தன் அண்ணன் உடனே குரல் பதிவு அனுப்பினார்: "தங்கச்சி, இது தோட்டக்காட்டுச் சத்தமெல்லோ? நாலாவதில ஒரு மனுசி வேற கத்துறா. அதையாவது வெட்டிப்போட்டு அனுப்புங்கோ."

முதல் வெள்ளி இதே மனிதர்தான் ஆபிரிக்க மேள ஆல்பம் ஒன்றைப் போட்டு, "மண்ணின் இசை, கட்டாயம் கேளுங்கோ" என்றார். தூரத்து மேளம் இசையாம், பக்கத்து வீட்டுத் தப்பு சத்தமாம். மலையகத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து நாற்பது வருசமாக வன்னியில் வயல் செய்கிறோம், இன்னும் தோட்டக்காடு!

"வெட்ட மாட்டேன். அது எங்க அம்மா" என்று எழுதினேன். குழுவை விட்டு வந்துவிட்டேன். வேறொன்றுமில்லை, கவலைப்படாதீர்கள்.

அம்மா, நீங்கள் அதில் கத்தியது என்ன தெரியுமா? "தப்பு இறங்கிப்போச்சு, நெருப்புல காட்டுங்க!" தோல் சூடேறி இறுகிய பிறகுதான் அந்தப் பாட்டே எழும்புகிறது. அந்தக் காது இங்கே ஒருவருக்கும் இல்லை.

மிளகாய்த்தூள் அனுப்புங்கள். வேலைக்கு பஸ் வந்துவிட்டது. இந்த வருசமும் மதுசன் பதியட்டும். அம்மா, நீங்கள் அவன் போனுக்குப் பக்கத்திலேயே நில்லுங்கள்.

உங்கள் மகள்,
அனோஜா