மதிய வகுப்பு

காட்டுப்பாக்கம்,
3.8.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நீயும் அப்பாவும் தங்கச்சி ஜெபிஷாவும் சுகமா? போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே "அடுப்புல பால் வெச்சிருக்கேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

கல்யாணமாகி ஆறு மாதம். ஆன்டோ பக்கத்தில் வந்தாலே எனக்கு உடம்பு விறைத்துப் போகிறது, உயிர் போகிற வலி. இன்னும் நாங்கள் புருஷன் பெண்டாட்டியாக வாழவே இல்லை அம்மா. அவர் பொறுமையாகத்தான் இருந்தார். போன வாரம் நெமிலிச்சேரிக்கு, அவர் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். "இன்னாம்மா, ஒண்ணுமே சொல்லிக் குடுக்காமயா உங்கம்மா கட்டிக் குடுத்துச்சு?" என்று அத்தை கேட்கிறார்.

கோயிலில் நடந்த திருமண ஆயத்தப் பயிற்சியில் இதைப் பற்றிப் பேசத்தான் மதியம் டாக்டர் வந்தார். "வயசுப் பொண்ணு ஆம்பளைங்க நடுவுல உக்காந்து அதெல்லாம் கேக்கணுமா?" என்று, ஃபாதரிடம் ஜாக்கெட் அளவு கொடுக்கணும் என்று பொய் சொல்லி என்னை இழுத்துப் போனவள் நீ. இப்போது நீயாவது சொல். எல்லாருக்கும் இப்படித்தானா? நான் என்ன செய்யட்டும்?

உன் ஸ்வீட்லின்

---

திருமுல்லைவாயில்,
9.8.2024

என் தங்கத்துக்கு அம்மாவின் முத்தங்கள்.

உன் கடுதாசியைக் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். இதையெல்லாம் யாராவது எழுதுவாங்களாடி? அப்பா கையில் கிடைத்திருந்தால்? சுக்கலாகக் கிழித்துப் போட்டுவிட்டேன். போகப் போகச் சரியாகிவிடும், பல்லைக் கடித்துக்கொள். மாதாவுக்கு ஒன்பது நாள் நவநாள் ஜெபம் சொல்கிறேன்.

ஜெபிஷா பெரியவளாகிவிட்டாள். ஏன் இப்படி ஆகிறது என்று ஒரே அழுகை. இனிமேல் பசங்களோடு பேசாதே என்று சொல்லிவைத்திருக்கிறேன். நீதான் ஒரு எட்டு வந்து பார்க்கவில்லை.

அம்மா

---

காட்டுப்பாக்கம்,
30.8.2024

அம்மா,

போரூரில் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தேன். இது பயத்தில் வருகிற கோளாறாம். இரண்டு பேரும் சேர்ந்து வந்தால் குணமாக்கலாம் என்றார். ஓடிப்போய் ஆன்டோவிடம் சொன்னேன். "இப்ப வந்து சொல்றியே" என்று அழுதார். அதற்குள் அவரும் அத்தையும் போய், கல்யாணம் செல்லாது என்று பிஷப் அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டார்கள். திரும்ப வாங்க மாட்டாராம்.

எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும் அம்மா. அதுதான் தாங்கவில்லை. உன் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. ஜெபிஷாவிடமாவது வாயைத் திற.

ஸ்வீட்லின்

---

திருமுல்லைவாயில்,
8.9.2024

ஸ்வீட்லின் கண்ணுக்கு,

நீ போனை எடுப்பதே இல்லை. திட்டவாவது எடு.

ஜெபிஷாவைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். "உடம்பு" என்று ஆரம்பித்தேன், அதற்கு மேல் வாய் வரவில்லை. "இன்னாம்மா?" என்று முழித்தாள். தலையைப் பின்னி அனுப்பிவிட்டேன். எனக்குத் தெரிந்தால்தானே சொல்வேன்? என்னிடம் யார் சொன்னார்கள்?

அப்பாவோடு வாழ்ந்த இத்தனை வருஷமும் எனக்கும் அந்த வலிதான் கண்ணு. பொம்பளையாகப் பிறந்தால் அப்படித்தான் என்று இருந்துவிட்டேன். கோளாறு என்று நீ எழுதித்தான் தெரியும்.

அந்த டாக்டரம்மா என் வயசுக்காரிகளையும் பார்ப்பாங்களா?

அம்மா