வாசலில் கட்டிய கற்றாழை

அன்புள்ள நிர்மலுக்கு,

அம்மா எழுதுவது. அந்தக் குளிரில் நீ நல்லபடியாக இருக்கத் திருவேற்காட்டு அம்மன் துணை. இங்கே நானும் அப்பாவும் சுகம். மூன்று பேரும் சுகம் என்று எழுதித்தான் பழக்கம், இன்றைக்குக் கை வரவில்லையடா. உன் பூனை சுண்டல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறது. போனில் சொல்லி நீ பதறுவதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை, அதனால் எழுதுகிறேன், அப்பா இதைப் போட்டோ பிடித்து அனுப்புவார்.

தப்பு என்னுடையதுதான். நீ விமானம் ஏறின அன்று உன்மேல் யார் கண்ணும் படக்கூடாதென்று வாசலில் ஒரு கற்றாழையை வேரோடு தலைகீழாகக் கட்டினேனே, அது காலையில் கயிறு அறுந்து கீழே கிடந்தது. இரண்டு மடலில் பல் பட்டிருந்தது, சுண்டல் மூலையில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. வெயில் சூடு என்று நினைத்து, நமக்குச் செய்கிற மாதிரியே கற்றாழைச் சோற்றை மோரில் அடித்து, மடியில் போட்டு ஸ்பூனால் ஊட்டினேன் நிர்மல். அதுவும் என்னை நம்பிக் குடித்தது. மத்தியானத்துக்குள் கால் நிற்கவில்லை. அப்பா கட்டைப்பையில் துண்டு விரித்துத் தூக்கிக்கொண்டார், வெள்ளானூரிலிருந்து ஆவடிக்கு நம் துலுக்கானம் ஆட்டோதான். அழுவாத யம்மா, தோ வந்துட்சு பாரு என்று வழியெல்லாம் அவன் சொல்லிக்கொண்டே வந்தான்.

டாக்டர் சபீனா என்ன சாப்பிட்டது என்று கேட்டார். மறைக்காமல் மோரையும் சொன்னேன். மடல் தோலுக்கடியில் வருகிற மஞ்சள் பால் பூனைக்கு ஆகாதாம், நமக்கு மருந்து என்பதால் அதற்கும் மருந்தாகிவிடாதாம். டிரிப்ஸ் ஏறுகிறது. வாந்தி நின்றுவிட்டதாம், ஆனால் தலை தூக்கவில்லை, நாளைக்குத்தான் சொல்ல முடியும் என்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் டாக்டர் சொன்னபடி மணிப்பிளாண்டையும் பாம்புக் கற்றாழையையும் மாடி வீட்டு நாகவல்லிக்குக் கொடுத்துவிட்டேன், அவையும் பூனைக்கு ஆகாதாம். தொட்டியில் இருக்கிற அரேகா பாம் செடியும் மல்லிகையும் இருக்கலாமாம். நீ சுண்டலை அங்கே அழைத்துக்கொள்ளும்போது யார் பூங்கொத்து தந்தாலும் லில்லி மட்டும் வீட்டுக்குள் வேண்டாம், அந்தப் பூந்தூளை நக்கினாலே சிறுநீரகம் போய்விடுமாம். ஆகாத செடிகளை இவ்வளவு நாள் தெரியாமல் வீட்டில் வைத்திருந்திருக்கிறேன் பார்.

வாசல் கற்றாழையையும் எடுத்துப் போட்டாயிற்று. அப்பாவே ஆணியைப் பிடுங்கினார். வாசல் நிலை வெறுமையாக இருக்கிறது, பார்க்கும்போதெல்லாம் உன் நினைவுதான், பகீரென்கிறது. சிரிக்காதே. இனி உனக்குக் காவலாக அங்கே ஒன்றும் தொங்கவில்லை, அதனால் தினமும் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் வந்துவிட்டேன் என்று ஒரு வரி அனுப்பு, மறக்காதே. என்னைத் திட்டவேண்டுமானால் அதற்குப் பிறகு திட்டு.

தீர்க்காயுசாக இரு.

உன் அம்மா,
பார்வதம்