வலப்பக்கச் சட்டைப்பை

சிவகாசி,
9.6.2002

இசைவாணியின் அப்பாவுக்குப் பாலம்மாள் எழுதிக்கொள்வது. நானும் பிள்ளையும் நன்றாக இருக்கிறோம். நாக்பூரில் வெயில் தணிந்ததா, உங்கள் முழங்கால் வலிக்கு நான் கொடுத்துவிட்ட எண்ணெய் கேட்கிறதா என்று தெரிந்தால் இன்னும் நன்றாக இருப்போம்.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பட்டென்று போனை வைத்துவிட்டீர்களாம். காசிராஜன் அண்ணாச்சி பூத்தில் ரிசீவரைக் காதில் வைத்தபடியே வெகுநேரம் நின்றிருக்கிறாள் உங்கள் மகள். எனக்கு அன்று லேபிள் ஆர்டர் அவசரம், ஞாயிறும் பிரஸ்ஸில் வேலை இருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் முகம் வீங்கி உட்கார்ந்திருக்கிறாள். ஆர்ட்டும் புரோகிராமும் சேர்ந்த படிப்பு கோயம்புத்தூரில் இருக்கிறது என்று அவள் சொன்னாளாம். எம்மவ மேடையேறி ஆடுறதுக்கா நான் இங்கன குடோன்ல பெட்டி தூக்குதேன் என்று நீங்கள் கேட்டீர்களாம்.

கோபித்துக்கொள்ள வேண்டாம், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பங்குனிப் பொங்கலுக்குக் கோயில் முன்னால் கொட்டகை போட்டு ஆடுவதைத்தானே நம் தெருவில் புரோகிராம் என்கிறோம். கமிட்டியில் சண்டை போட்டு அதை நிறுத்தியவரும் நீங்கள்தான். உங்கள் காதில் அப்படித்தான் விழும். அவள் சொன்னது கம்ப்யூட்டர் புரோகிராம். கம்ப்யூட்டர் என்ன செய்ய வேண்டும் என்று வரிவரியாக எழுதிக் கொடுப்பதற்கு அந்தப் பெயராம். சலங்கைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

இதை நான் முன்பே எழுதியிருக்க வேண்டும். ஆண்டு விழாவுக்குப் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டரில் அவள் ஒன்று செய்து வைத்திருந்தாள். போய்ப் பார்த்தேன். கறுப்புத் திரையில் ஒரு புஸ்வாணம் கிளம்பி, மேலே போய் விரிந்து, பொறிகள் ஒவ்வொன்றாக விழுந்து அணைந்தன. எந்தப் படத்தைப் பார்த்து ஒட்டினாய் என்று கேட்டேன். அவள் ஒரு பித்தானைத் தட்டினாள். புஸ்வாணம் மறைந்து, பக்கம் பக்கமாக இங்கிலீஷ் எழுத்து வந்தது. இதாம்மா படம், ஒவ்வொரு பொறியும் எங்கன கிளம்பி எங்கன விழணும்னு நான் எழுதுனதும்மா என்றாள். பதினொரு வருஷமாகப் புஸ்வாண லேபிள் செக்கிங் பார்க்கிறேன். அதில் ஒரு பொறிகூடக் கீழே விழுந்து நான் பார்த்ததில்லை. பெருமையாக இருந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

நீங்கள் போனை வைத்த அன்றே அதை எழுதிய நோட்டைப் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டாள். சாப்பாடு போட்டால் சாப்பிடுகிறாள். அவ்வளவுதான்.

இனி காலேஜ் விஷயம். மூன்று இடம் பார்த்தோம். முதலாவது உங்கள் அண்ணன் சொன்னது, நம் ஊர்ப் பக்கத்திலேயே இருப்பது. நல்ல காலேஜ்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. வெறும் கம்ப்யூட்டர் படிப்பு, வரைவதற்கு இடம் கிடையாது. காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் வீட்டில் இருப்பாள். எனக்கும் முதலில் அதுதான் ஆசையாக இருந்தது.

இரண்டாவது மதுரையில் புதிதாக ஆரம்பித்திருக்கும் ஒன்று. படமும் கம்ப்யூட்டரும் சேர்ந்த டிகிரி, படித்து முடித்ததும் வேலை என்று விளம்பரம் செய்திருந்தார்கள். கேட்டு எழுதினால் புத்தகம் அனுப்பினார்கள். ஆர்ட் பேப்பர், நாலு கலர், அச்சு அவ்வளவு சுத்தம். இசைவாணி அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினாள். நானும் அசந்துதான் போனேன். நாலாம் பக்கத்தில் பெரிய ஹால், வரிசையாகக் கம்ப்யூட்டர், பிள்ளைகளுக்கு நடுவில் ஒரு வாத்தியார் நிற்கிறார். எங்கேயோ பார்த்த முகம் என்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்தது.

மூன்றாம் நாள் அடுப்படியில் அரிசி டின்னை நகர்த்தினேன். அலமாரித் தட்டில் விரித்திருந்த வேஸ்ட் ஷீட்டில் அதே வாத்தியார் நிற்கிறார். ஏப்ரலில் எங்கள் பிரஸ்ஸில் சேலத்துக் காலேஜ் ஒன்றுக்கு அடித்தபோது கழித்த ஷீட், நான்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதே ஹால், அதே பிள்ளைகள். ஆனால் சேலத்து வாத்தியாருக்குச் சட்டைப்பை இடப்பக்கம், மதுரை வாத்தியாருக்கு வலப்பக்கம். படம் இடவலம் மாறி விழும்படி ஃபிலிமைத் திருப்பிப் போட்டு அடித்திருக்கிறார்கள். எங்கள் பிரஸ்ஸில் கை தவறி அப்படி விழுந்தால் கழித்துவிடுவோம். இது கை தவறியது இல்லை, ஆளை மறைக்கச் செய்தது. எந்த ஊரில் எவன் வலப்பக்கம் பை வைத்துச் சட்டை தைக்கிறான்?

இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிள்ளையிடம் காட்டினேன். படந்தானம்மா, எல்லாரும் வெளியில் வாங்கித்தான் போடுவார்கள் என்று முதலில் எனக்கே பாடம் நடத்தினாள். சரி, நேரில் போய்ப் பார்ப்போம் என்று அழைத்துப் போனேன். ஜவுளிக்கடை மாடியில் இரண்டு ரூம். ஆறு கம்ப்யூட்டர், ஆறும் துணி போர்த்தி இருந்தன. டிகிரி நீங்களே தருகிறீர்களா என்று கேட்டதற்கு, அது வேறு இடத்தில் தபால் மூலம் எழுதிக்கொள்வது, நாங்கள் சர்ட்டிபிகேட் தருவோம் என்றார்கள். திரும்பும்போது திருமங்கலம் வரைக்கும் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். அப்புறம் என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

மூன்றாவதுதான் கோயம்புத்தூர். அவர்கள் அனுப்பிய புத்தகம் ஒற்றைக் கலர், மட்டமான தாள், படமெல்லாம் மங்கல். எங்கள் பிரஸ்ஸில் என்றால் பாதியைக் கழித்திருப்பேன். ஆனால் ஒரு படத்தில் மேலே ஃபேனுக்கு ஒரு இறக்கை வளைந்திருந்தது. ஏமாற்ற நினைக்கிறவன் அந்த ஃபேனைப் படத்தில் விட்டிருக்க மாட்டான் என்று எனக்குப் பட்டது. வெள்ளிக்கிழமை லீவு சொல்லிவிட்டு இரண்டு பேரும் போனோம். அதே ரூம், அதே ஃபேன், இறக்கை இன்னும் வளைந்துதான் இருக்கிறது.

மூன்று வருஷப் படிப்பு. காலையில் பென்சில் பிடித்து வரைகிறார்கள், மத்தியானம் கம்ப்யூட்டருக்கு எழுதுகிறார்கள். இவள் நோட்டை வாங்கிப் பார்த்த டீச்சரம்மா, புஸ்வாணப் பொறி காற்றடித்தால் எந்தப் பக்கம் சாயும் என்று கேட்டார்.  இவள் அங்கேயே உட்கார்ந்து தாளில் எழுத ஆரம்பித்துவிட்டாள். நான் ஒருத்தி உடன் வந்திருப்பதே மறந்துபோய்விட்டது அவளுக்கு. ஹாஸ்டலில் பெண் வார்டன் இருக்கிறார், வாசலில் வாட்ச்மேன் இருக்கிறார், நம் விருதுநகர்ப் பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கிறார்கள். தண்ணீர் வசதிகூடப் பார்த்துவிட்டேன்.

நேற்று உங்கள் அண்ணன் வந்தார். ஏத்தா, அவனும் அங்கன கெடக்கான், பிள்ளையையும் அம்புட்டுத் தூரம் அனுப்பிட்டு நீ ஒத்தையில என்ன செய்வ என்று கேட்டார். காபி ஆறுகிறது, குடியுங்கள் என்றேன்.

விண்ணப்பத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். பெற்றோரில் ஒருவர் கையெழுத்துப் போதும் என்றார்கள். என் கையெழுத்தை நான் போட்டுவிட்டேன். ஆனாலும் அப்பா போடாமல் இதை அனுப்ப மாட்டேன் என்கிறாள் உங்கள் மகள். பிடிவாதம் யாரைக் கொண்டிருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 24ஆம் தேதிக்குள் விண்ணப்பம் காலேஜுக்குப் போய்ச் சேர வேண்டும். உங்களுக்குச் சம்மதமில்லை என்றால் அதையும் அவளுக்கே எழுதுங்கள், போனை வைத்ததுபோல் விட்டுவிடாதீர்கள். சம்மதம் என்றால், பென்சிலால் புள்ளி வைத்திருக்கிற கட்டத்துக்குள் கையெழுத்துப் போடுங்கள். கட்டத்தைத் தாண்டினால், கலர் கோட்டைவிட்டு விலகிய லேபிளைப்போல ரிஜிஸ்டர் அவுட் என்று கழித்துவிடுவேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். குடோனுக்குள் பீடி பற்றவைக்கிறவன் யாராக இருந்தாலும் சத்தம் போடுங்கள், சேட்டாகவே இருந்தாலும். மாரியம்மன் துணை இருப்பாள்.

உங்கள் பதிலுக்கு வாசலைப் பார்த்திருக்கும்,
பாலம்மாள்

---

நாக்பூர்,
15.6.2002

பாலம்மாளுக்கு ஆண்டிச்சாமி எழுதியது. நேற்று உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் பரவாயில்லை.

நான் பேசியது தப்பு. பக்கத்தில் சேட்டு நின்றார், லாரி இறங்கிக்கொண்டிருந்தது, லைனில் இரைச்சல். இதெல்லாம் இருந்தாலும் தப்பு தப்புதான். பிள்ளைக்குத் தனியாக ஒரு தாள் எழுதி உள்ளே மடித்து வைத்திருக்கிறேன். அதை நீ பிரிக்க வேண்டாம், அவளிடம் கொடு.

நீ சட்டைப்பையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு குடோனில் இருக்கிற லேபிளையெல்லாம் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். ஆறு வருஷமாகத் தூக்கும் பெட்டி, ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை. கம்பி மத்தாப்புப் பெட்டி ஒன்றில் ஒரு பெண், சேலை முந்தானை வலது தோளில் கிடக்கிறது. கண்டுபிடித்துவிட்டேன், ஃபிலிம் திருப்பிப் போட்டிருக்கிறது என்று இங்கே எல்லோரிடமும் சொன்னேன். சிரிக்கிறார்கள். இந்தப் பக்கத்துப் பெண்கள் முந்தானையை அப்படித்தான் வலது தோளில் போடுவார்களாம். தெருவில் தினமும் பார்த்திருக்கிறேன், மனதில் பதியவில்லை. செக்கிங் வேலையை உன்னிடமே விட்டுவிடுகிறேன்.

விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வெறும் தாளில் நாலு தடவை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கட்டத்தில் போட்டேன். ரிஜிஸ்டர் தபாலில் வருகிறது. வந்த அன்றே கோயம்புத்தூருக்கு அனுப்பிவிடு. காலேஜில் விடப் போகும்போது அண்ணனையும் கூட்டிக்கொண்டு போ, அவருக்கும் அந்த ஃபேனைக் காட்டு.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அண்ணன் உன்னிடம் ஒன்று கேட்டார் என்று எழுதியிருக்கிறாய். அதற்கு நீ சொன்ன பதில் அதில் இல்லை. காபியைப் பற்றித்தான் இருக்கிறது. ஹாஸ்டல் தண்ணீரிலிருந்து வாட்ச்மேன் வரைக்கும் எல்லாம் பார்த்து எழுதியவள், இதை மட்டும் விட்டுவிட்டாய். என்னால் தீபாவளி லோடு முடியாமல் இங்கிருந்து நகர முடியாது. 

பிள்ளை போன பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் காலை பத்து மணிக்குக் காசிராஜன் பூத்துக்கு வா. நான் கூப்பிடுகிறேன். பேசுவதற்கு விஷயம் ஒன்றும் இல்லாவிட்டாலும் வா.

ஆண்டிச்சாமி