பூங்குழலி அனுப்பிய முகம்

மரக்காணம்
18.6.2006

அன்பு மகள் பூங்குழலிக்கு அப்பா காசிலிங்கம் எழுதுவது. அங்காளம்மன் புண்ணியத்தில் நானும் உன் அண்ணன் அறிவழகனும் அண்ணி வினோதினியும் நல்லபடியாக இருக்கிறோம், சிங்கப்பூரில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவைத் திறக்கிறேன். போன வாரம் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மழை அடித்து, வாருவதற்குத் தயாராக இருந்த உப்பெல்லாம் பாத்தியிலேயே கரைந்து போனது, ஆனால் அடுத்தடுத்து நல்ல வெயில் காய்ந்ததும் மறுபடி பூக்க ஆரம்பித்துவிட்டது, அதனால் வேலைக்குக் குறைவில்லை. என் முழங்கால் பரவாயில்லை. நீ அனுப்பிய தைலத்தை உன் அண்ணி தலைவலிக்கென்று எடுத்துத் தடவிக்கொள்கிறாள், என் பங்குக்கு பாட்டிலை முகர்ந்து பார்த்துக்கொள்கிறேன்.

போனில் நீ இரண்டு தடவை கேட்டாய், நான் அனுப்பின படத்தில் அம்மா ஜாடை இருக்குதாப்பா என்று. இரண்டு தடவையும் நான் மழை, உப்பு என்று பேச்சை மாற்றிவிட்டேன். உனக்கும் புரிந்திருக்கும், நீ என்ன சின்னப் பிள்ளையா. இந்த விஷயத்துக்கு போன் சரிப்படாது, அந்தப் பக்கம் நீ காத்துக்கொண்டிருப்பது தெரிந்தால் உள்ளதைச் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் அம்மா ராசம்மாளுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது என்கிற குறை உனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து உண்டு. எங்கள் கல்யாணம் கோயிலில் தாலி கட்டி முடிந்துவிட்டது, போட்டோக்காரரைக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை, நீ தவழ்ந்துகொண்டிருந்தபோதே காமாலை வந்து அவள் போய்விட்டாள். அதற்காக நீ இன்டர்நெட்டில் எங்கேயோ ஒரு வித்தையைக் கண்டுபிடித்து, உன் முகம், அண்ணன் முகம், அம்மாவின் தங்கை ஆராயி முகம் மூன்றையும் கம்ப்யூட்டரில் ஒன்றாகக் கலந்து, அதிலிருந்து என் பங்கைக் கழித்து, மிஞ்சியது அம்மா என்று அனுப்பியிருந்தாய். கூடவே இன்னொரு தாளில் எங்கள் முகங்களின் மேல் கோலத்துக்குப் புள்ளி வைத்த மாதிரி புள்ளி வைத்து, கோடு இழுத்து, யாரிடமிருந்து எது எவ்வளவு வந்தது என்று கலர் கலராகக் காட்டியிருந்தாய். எனக்குப் பாதிதான் விளங்கியது என்றாலும் நீ பட்ட பாடு முழுசாக விளங்கியது. முதலில் கழித்தது உங்க மூக்குதாம்பா என்று எழுதியிருந்தாயே, என் மூக்குக்கு என்னம்மா குறைச்சல்.

அறிவு பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில் அதைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, திண்டிவனத்தில் கண்ணாடிச் சட்டம் அடித்துக் கொண்டுவந்தான். தெருவே வந்து பார்த்தது. அம்மாவோடு ஒரே உப்பளத்தில் வேலை பார்த்த மங்கம்மா, ராசம்மா அப்பிடியே உக்காந்துனு இருக்குது என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். உன் அண்ணனும் அழுதான், அவனுக்கும் அம்மா முகம் நினைவில்லை, எதைக் கொடுத்தாலும் எடுத்துக்கொள்வான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நல்லா இருக்குது என்று மட்டும் சொன்னேன். படம் நல்லாத்தான் இருந்தது, அதில் பொய் இல்லை.

அம்மாவுக்குப் படைக்கிற நாள் வந்தது. வருஷா வருஷம் செம்புக்கு மஞ்சள் குங்குமம் வைத்துப் புடவை சாத்திப் படைப்போம், இந்த வருஷம் செம்பு வேண்டாம், அம்மாவே இருக்கிறாள் என்று அறிவு படத்தைப் பலகையில் வைத்துவிட்டான். இலை போட்டாயிற்று, வடை பாயசம் வைத்தாயிற்று. மாலையைக் கையில் எடுத்துக்கொண்டு ஆராயியிடம் பெருமையாக, சின்னம்மா இதுல உன் மொகமும் கலந்துருக்குது தெரியுமா என்று சொன்னான். அவள் எட்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். டேய், நான் இன்னும் உயிரோடதான்டா இருக்கறேன், எனக்கே மாலை போடுறியா என்றாள். கன்னம் மட்டும்தான் உன்னுது என்று அவன் சொல்ல, அப்ப கன்னத்துக்கு மட்டும் சாவு வருமா என்று அவள் கேட்க, மங்கம்மா சிரித்துவிட்டாள், நானும் சிரித்தேன். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. ஆராயி மட்டுமா, அதில் அறிவும் இருக்கிறான், பாதிக்கு மேல் நீ இருக்கிறாய். ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிற பெண்ணின் முகத்துக்கு முன்னால் சூடம் கொளுத்த எந்த அப்பனுக்குக் கை வரும். படத்தை எடுத்து உள்ளே வைக்கச் சொல்லி, செம்பையே விளக்கிக் கொண்டுவந்து படைத்தோம், காக்கையும் வந்து எடுத்தது, மனசில் வைத்துக்கொள்ளாதே.

மாலை போடாமல் சும்மா மாட்டி வைக்கலாம் என்று அண்ணி சொன்னதால் படையலுக்குப் பிறகு அதைக் கூடத்தில் மாட்டினோம். வெளியே போகும்போதும் வரும்போதும் பார்ப்பேன். பூங்குழலி, இப்போது சொல்வதைக் கோபப்படாமல் படி. எனக்கும் அவள் முகம் முழுசாக வருவதில்லை. இத்தனை வருஷத்தில் தேய்ந்துபோய்விட்டது. வெயிலில் உப்பைப் பார்த்துப் பார்த்து இடது கண்ணைப் பாதி மூடியே வைத்திருப்பாள், நிழலுக்கு வந்தாலும் அது திறக்காது. சிரித்தால் புறங்கையால் வாயை மூடிக்கொள்வாள், கையில் ஒட்டிய உப்பு உதட்டில் பட்டு உடனே முகத்தைச் சுளிப்பாள். கூடை தூக்கி வரப்பில் முன்னால் போவாள், நான் பின்னால் போவேன், அதனால் பிடரியும் ஒரு காதும்தான் எனக்கு நன்றாகத் தெரியும். இவ்வளவுதான் என்னிடம் இருக்கிறது. படம் மாட்டிய பிறகு ஒரு நாள் வரப்பில் நடந்தபோது வழக்கம்போல அவளை நினைத்தேன், அந்தக் கண் வரவில்லை, உன் படத்தில் இருக்கிற விரிந்த கண்தான் வந்தது. கூடையை இறக்கி வைத்துவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். எனக்குப் பயமாகிவிட்டதம்மா. திரும்பத் திரும்ப நினைத்து, கொஞ்ச நேரம் கழித்துத்தான் இடது கண் வந்தது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் படத்தைக் கழற்றிவிட்டேன்.

ஆகையால் நீ கேட்டதற்குப் பதில், ஜாடை இல்லை. அது ராசம்மாள் இல்லை. நீ தப்பாக எதுவும் செய்யவில்லை, பெற்றவள் முகத்தைத் தேடுகிற பிள்ளை வேறு என்ன செய்யும். படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்து, மடங்காமல் இரண்டு பக்கமும் அட்டை வைத்து இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். கம்ப்யூட்டரிலேயே இருக்குமேப்பா என்று அறிவு சொல்கிறான், இருக்கட்டும், பிள்ளைகள் முகம் இருக்கிற தாளைக் கிழித்துப் போட எனக்கு மனசில்லை. நீ அதை வைத்துக்கொள், அம்மா என்று கூப்பிடத் தோன்றினால் கூப்பிடு, உனக்கு வேறெதுவும் இல்லை, அதனால் அது உன்னை ஒன்றும் செய்யாது. எனக்குக் கொஞ்சம் இருக்கிறது, அந்தக் கொஞ்சத்தோடு என்னை விட்டுவிடு.

மழையில் நனைந்து ஆபீசுக்குப் போகாதே, ராத்திரிச் சாப்பாட்டை பிஸ்கட்டோடு முடிக்காதே. அம்மன் துணையிருப்பாள், நினைத்தது நடந்து நீடூழி வாழ்வாய். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, திண்டிவனத்துச் சட்டம் காலியாகக் கிடக்கிறது, அதே அளவில் உன் போட்டோ ஒன்று அனுப்பு. உன் முகம் இப்போது எப்படி இருக்கிறதோ அப்படியே எனக்கு வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
காசிலிங்கம்