பெயின்ட் அடிக்காத சைக்கிள்

ரகு, என் தம்பிக்கு,

கோபப்படாமல் படி. நீ எனக்காகச் செய்துகொண்டிருந்த சைக்கிளின் பிரேம் துருப்பிடித்துவிட்டது.

பெயின்ட் அடிக்காத வெறும் ஸ்டீலை ஈரக் கையால் தொட்டாலே வீட்டை ரெண்டாக்குவாய். நீ போனதிலிருந்து அந்தப் பிரேம் ஜனக்புரி வீட்டில், சாமி அலமாரிக்குப் பக்கத்தில், உன் போட்டோவுக்குக் கீழேதான் சாய்ந்திருந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மா அதற்குச் சந்தனம் குழைத்து, குங்குமம் வைத்தாள். சாமி விஷயத்தில் எனக்கிருக்கும் சந்தேகம் உனக்குத் தெரியும். ஆனால் அதை வைத்து அம்மாவிடம் வாதாட எனக்குத் தெம்பில்லை. லோதி ரோடு ஆபீஸிலிருந்து மெட்ரோவில் நின்றுகொண்டே வந்து சேர்ந்தால், செருப்பைக் கழற்றுவதே பெரிய காரியமாக இருக்கிறது.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "சைக்கிள்ல போறச்சேயா?" இல்லை, தூக்கத்தில், கட்டிலில் என்று சொன்னேன். சிலருக்கு அது ஏமாற்றமாகக்கூட இருந்தது. டில்லி ரோட்டில் சைக்கிள் ஓட்டுகிறவனுக்கு அவர்கள் வேறு முடிவை நினைத்து வைத்திருந்தார்கள் போல.

நீ எனக்கு அளவெடுத்த நாள் நினைவிருக்கிறதா? அம்மாவின் தையல் டேப்பை வைத்துக்கொண்டு என்னைச் சுவரோரம் நிற்க வைத்தாய்.

"அக்கா, உனக்குக் கால் நீளம், கை குட்டை. கடையில இருக்கிற எதுவும் உனக்குப் பொருந்தாது."

"அதைத்தான்டா பொண்ணு பாக்க வந்தவங்க எல்லாரும் சொல்லிட்டுப் போனாங்க."

நீ சிரித்த சிரிப்பில் டேப் கை நழுவிவிட்டது. மறுபடி முதலிலிருந்து அளந்தாய்.

நான் எதையும் எளிதில் நம்புகிறவள் இல்லை. ஸ்டீல் சைக்கிள் ஓட்டுவதில் தனி சுகம் உண்டு என்று நீ சொன்னபோதும் நம்பவில்லை. பழைய பிரேம் ஒன்றைத் தேடிப் பிடித்து, துடைத்து, சக்கரம் கோத்து முதலில் ஒன்று கொடுத்தாயே, அதில் ஒரு குளிர்காலக் காலை உன் பின்னால் இந்தியா கேட் வரை வந்தேன். கனமான வண்டிதான். ஆனால் நான் மிதிக்கும்போது லேசாக வளைந்து கொடுத்தது. குழிகளின் பாதி அடியை அதுவே வாங்கிக்கொண்டது. பளபளக்கும் கார்பன் சைக்கிளில் ஒருவன் நம்மைக் கடந்து போனான். "அவன் சீக்கிரம் போய்ச் சேருவான். நமக்கு வழியெல்லாம் கிடைக்கும்" என்றாய். வீட்டுக்கு வந்த பிறகும் கொஞ்ச நேரம் சீட்டிலிருந்து இறங்க மனமில்லாமல் காலை ஊன்றி நின்றேனே, அதைக் கவனித்தாயா?

இந்தப் புதிய பிரேமை என் அளவுக்கு அறுத்து, பித்தளையை உருக்கி மூட்டுகளை ஒட்டி, அரத்தால் ராவி முடித்தாய். பனியில் பெயின்ட் சரியாகக் காயாது, ஹோலி கழியட்டும் என்றாய். ஹோலிக்கு நீ இல்லை.

போன வாரம் ஆயுத பூஜைக்காக வீட்டைச் சுத்தம் செய்தோம். அம்மா ஈரத் துணியால் பிரேமை அழுத்தி அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி சுமதி, இந்தக் குங்குமம் எத்தனை தொடச்சாலும் போக மாட்டேங்குது. நல்லா ஊறிப்போச்சு."

கிட்டே போய்ப் பார்த்தேன். அது குங்குமம் இல்லை. வாராவாரம் வைத்த ஈரச் சந்தனத்துக்கு அடியில் துரு வட்டம் வட்டமாகப் படர்ந்திருந்தது. அதைப் போக்கத்தான் அம்மா வாராவாரம் தண்ணீர் தொட்டுத் துடைத்திருக்கிறாள். மழைக்காலம் வேறு.

சொன்னேன். அம்மா துணியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "அவன் செஞ்சதை நானே அரிக்க விட்டேனா?"

மாயாபுரியில் உன்னோடு சைக்கிள் ஷெட்டைப் பங்கு போட்டிருந்த பல்விந்தரைக் கூப்பிட்டேன். வந்து விரலால் தடவிப் பார்த்தான். துரு மேலோடுதான், தேய்த்தால் போய்விடும், ஆனால் உடனே பெயின்ட் அடிக்க வேண்டும் என்று ஹிந்தியில் சொன்னான். குழாய் மெல்லிசு, இன்னொரு மழையைத் தாங்காதாம். "மாஜி, நான் எடுத்துட்டுப் போகட்டுமா?" என்று அம்மாவிடம் கேட்டான்.

அம்மா பிரேமைப் பிடித்துக்கொண்டாள். "நஹி பேட்டா" என்றவள், என் பக்கம் திரும்பி, "இதையும் எடுத்துட்டா அந்த இடம் காலியாயிடும்டி" என்றாள்.

அங்கேயே இருந்தால் துரு தின்னும். எடுத்துப் போனால் அம்மாவுக்கு அந்த மூலை காலி. கடைசியில், "அவன் இதை நிக்க வைக்கவா செஞ்சான், அம்மா?" என்று மட்டும் கேட்டேன். குரல் எனக்கே பிடிக்காத மாதிரி வந்தது.

அம்மா எழுந்து அடுக்களைக்குப் போனாள். பல்விந்தருக்குக் காபி கலந்து கொடுத்தாள். அவன் குடித்து முடித்த பிறகுதான் சொன்னாள்.

"குங்குமக் கலர்லயே அடிக்கச் சொல்லு. அப்ப நான் பொட்டு வைக்க வேண்டாமில்ல?"

உனக்குச் சிவப்பு பிடிக்காது, தபால்காரர் சைக்கிள் என்பாய். தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. நீயும் திறக்காதே.

ஞாயிற்றுக்கிழமை ஷெட்டுக்குப் போய் உப்புத்தாள் பிடித்து அந்தத் துருவை நானே தேய்த்தேன். தோள் இன்னும் வலிக்கிறது. வட்டங்கள் ஒவ்வொன்றாகப் போய், அடியில் நீ ராவிய வெள்ளை ஸ்டீல் வந்தது. கடைசி வட்டத்தில் மட்டும் கொஞ்சம் நின்றேன். அதையும் தேய்த்துவிட்டேன். அதன் மேல் பெயின்ட் அடித்தால் உள்ளே தின்னும் என்று நீதானே சொல்வாய்?

இந்த வாரம் பல்விந்தர் பெயின்ட் அடிக்கிறான்; பனி இறங்குவதற்குள் காய்ந்துவிடும். சக்கரம் கோத்த பிறகு வண்டி அந்த மூலையில் நிற்காது, ரகு. ஆபீஸ் போன அலுப்பிருந்தாலும், கால் கெஞ்சினாலும், வாரம் ஒரு காலையாவது வெளியே எடுப்பேன். வெள்ளிக்கிழமை எடுக்கச் சொல்கிறாள் அம்மா. சரி என்றிருக்கிறேன்.

உன் நீளக்கால் அக்கா,
சுமதி